நெல்லிலையின் டி.என்.ஏயை வெட்டிப் பார்த்தல்: நொதியங்களோடு முதன்முறை வேலை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

நெல்லிலையைக் குழவியால் நசுக்கும் கணத்திலேயே அதன் டி.என்.ஏ வெட்டுப்படத் தொடங்கிவிடுகிறது. நாம் இன்னும் எந்த நொதியத்தையும் சேர்க்கவில்லை. ஆயினும் தாவரக் கலத்தின் புன்வெற்றிடத்துள் அடைபட்டிருந்த நியூக்கிளியேசுகள், மென்சவ்வுகள் கிழிந்தவுடன் வெளியே பரவி, எதிர்ப்படும் டி.என்.ஏ இழையை வரிசை பாராமல் அரிக்கத் தொடங்குகின்றன. எனவே இந்த வேலையைக் கற்க வருபவர் முதலில் கலத்தின் சொந்த நொதியங்களை நிறுத்தவும், பின்னர் தாம் சேர்க்கும் நொதியம் வேலை செய்வதற்குத் தேவையானவற்றைத் திரும்பக் கொடுக்கவும் பழக வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் யாவும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ முதன்முறை மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துள் நுழையும் மாணவரையும், உயர்தர வகுப்பில் இப்பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் கற்பித்துவரும் ஆசிரியரையும் மனத்தில் வைத்து இதனை எழுதுகின்றேன். எடுத்துக்காட்டாக நெல்லைக் கொள்கின்றேன். நாற்று எளிதிற் கிடைக்கும், இலையில் பிசின் குறைவு, அதன் பரம்பரைத் தொகுதி 2005 ஆம் ஆண்டிலேயே முழுமையாக வாசிக்கப்பட்டுவிட்டது. முருங்கை, மரவள்ளி, பனை ஆகியவற்றில் பல்சக்கரைட்டுகளும் பீனோல்களும் கூடுதலாக இருப்பதால் அவற்றை இரண்டாம் முயற்சிக்கு விட்டுவிடுவது நல்லது.

வெட்டும் நொதியங்கள் எங்கிருந்து வந்தன

ஆய்வுகூடத்தில் நாம் பயன்படுத்தும் ரெஸ்ட்ரிக்ஷன் நொதியங்கள் தாவரத்துக்கு உரியவை அல்ல. பற்றீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரசுகளின் டி.என்.ஏயை வெட்டி அழிப்பதற்கு இவற்றை வைத்திருக்கின்றன. தம்முடைய டி.என்.ஏயையும் அதே நொதியம் வெட்டிவிடாதிருக்க, அதே வரிசையில் ஒரு மீதைல் கூட்டத்தை ஒட்டி அடையாளமிட்டுக்கொள்கின்றன. குறித்த வரிசையில் வெட்டும் முதல் நொதியத்தை ஹமில்ற்றன் சிமித் 1970 இல் பிரித்தெடுத்து விளக்கினார். வேர்னர் ஆர்பர், டானியல் நேதன்ஸ் ஆகியோருடன் அவருக்கு 1978 ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

அடனின், தைமின், குவானின், சைற்றோசின் ஆகிய நான்கு காரங்களையும் முறையே அ, தை, கு, சை எனச் சுருக்கி எழுதுவோம். ஈகோ-ஆர்-1 என்னும் நொதியம் கு-அ-அ-தை-தை-சை என்ற ஆறு காரங்களைத் தேடிக் கண்டு, கு-வுக்கும் முதல் அ-வுக்கும் இடையே வெட்டும். எதிரிழையிலும் அதே வரிசை மறுபுறமாக இருப்பதால் வெட்டு நேருக்கு நேராக விழாமல், இரு முனைகளிலும் நான்கு காரங்கள் ஒற்றையிழையாக நீண்டு நிற்கும். ஒட்டும் முனைகள் என்பவை இவையே. ஹின்ட்-3 நொதியம் அ-அ-கு-சை-தை-தை என்ற வரிசையை அவ்வாறே வெட்டும். ஈகோ-ஆர்-5 நடுவில் நேராக வெட்டி மொட்டை முனைகளை விடும். தொடங்குபவருக்கு ஈகோ-ஆர்-1, ஹின்ட்-3 ஆகிய இரண்டும் போதும். விலை குறைவு, தாவர டி.என்.ஏயில் பெரும்பாலும் சிக்கலின்றி வெட்டும்.

இலை எடுத்தல்

இரண்டு அல்லது மூன்று கிழமை வயதுள்ள நாற்றின் இளம் இலையையே எடுக்க வேண்டும். முதிர்ந்த இலையில் நார் மிகுதி, மாப்பொருளும் மிகுதி. மாப்பொருள் குறைய வேண்டுமானால் நாற்றை ஒரு நாள் இருட்டில் வைத்துவிட்டு விடியற்காலையில் இலையைக் கிள்ளலாம். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் சிறுபோக காலத்தில் இலை சேகரிப்பவர்கள், சோளகக் காற்றும் வெயிலும் இலையைச் சில நிமிடங்களிலேயே வாட்டிவிடும் என்பதை நினைவிற் கொண்டு, ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியுடன் வயலில் இறங்க வேண்டும். ஐஸ் கிடைக்காத இடத்தில், இலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, அதன் நிறையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் மணிகளுடன் மூடிய பையில் இட்டால் ஒரு நாளில் உலர்ந்துவிடும். விரைவாக உலர்ந்த இலையில் நியூக்கிளியேசுகள் வேலை செய்ய நீர் இல்லை. மெதுவாக வாடிய இலையிலோ அவை முழு மூச்சாக வேலை செய்து முடித்திருக்கும். மருந்து தெளித்த வயலாயின் இலையை வடிநீரால் கழுவி ஒற்றி எடுக்க வேண்டும்.

கலத்தை உடைத்தலும் நொதியத்தை நிறுத்தலும்

பிரித்தெடுக்கும் கரைசலின் சேர்க்கை இது: சி.ரி.ஏ.பி 2 சதவீதம், சோடியம் குளோரைட்டு 1.4 மோலர், ஈ.டி.ரி.ஏ 20 மில்லிமோலர், பி.எச் அளவை நிலையாக வைக்கும் ரிஸ் 100 மில்லிமோலர், பி.எச் 8.0, பி.வி.பி 1 சதவீதம். பயன்படுத்துவதற்குச் சற்று முன்னர் பீற்றா மெர்கப்ரோஎதனோலை 0.2 சதவீதமாகும்படி சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கின்றது என்பதை அறியாமல் அளந்து ஊற்றுபவர், ஏதேனும் பிழைக்கும்போது எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பார். சி.ரி.ஏ.பி ஓர் அழுக்ககற்றி, மென்சவ்வுகளைக் கரைக்கும். அதிக உப்பு, பல்சக்கரைட்டுகள் டி.என்.ஏயுடன் சேர்ந்து வீழ்படிவாவதைத் தடுக்கும். பி.வி.பி பீனோல்களைப் பிடித்துக்கொள்ளும். மெர்கப்ரோஎதனோல் அவை ஒட்சியேற்றமடைந்து கபில நிறமாவதைத் தடுப்பதோடு புரதங்களின் மடிப்பையும் குலைக்கும். ஈ.டி.ரி.ஏ மக்னீசியம் அயனைக் கவ்விக்கொள்ளும். டி.என்.ஏயை அரிக்கும் நொதியங்களிற் பெரும்பாலானவை மக்னீசியம் போன்ற உலோக அயன் இல்லாமல் இயங்கா. ஆகவே அயனைப் பறித்தவுடன் அவை ஓய்கின்றன. இந்த ஈ.டி.ரி.ஏயை மறந்துவிட வேண்டாம். இப்போது நமக்கு உதவும் இதே பொருள், பின்னர் வெட்டும் படியில் நமக்கு எதிராகவே நிற்கும்.

திரவ நைதரசனில் அரைப்பதே சிறந்த முறை என்று எல்லாக் கையேடுகளும் கூறும். அது இல்லையென்று வேலையை நிறுத்தத் தேவையில்லை. 65 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கிய கரைசலில் 700 மைக்கிரோலீற்றரைப் பீங்கான் உரலில் முதலில் ஊற்றி, 0.1 கிராம் இலையைப் பொடியாக நறுக்கி அதற்குள் நேரே இட்டு, ஒரு நிமிடத்துக்குள் அரைத்து முடித்தால், வெளிவரும் நியூக்கிளியேசு சூட்டுக்கும் அழுக்ககற்றிக்கும் ஈ.டி.ரி.ஏக்கும் ஒருங்கே முகங்கொடுக்கும். உலர் உரலில் அரைத்துவிட்டுப் பிறகு கரைசலை ஊற்றுவதுதான் செய்யக்கூடாதது. அதைப்போலவே இந்தக் கரைசலை ஐஸில் வைக்கவும் கூடாது; குளிரில் சி.ரி.ஏ.பி வெண்ணிறமாகத் திரண்டு படிந்துவிடும்.

அரைத்ததை 2 மில்லிலீற்றர் குழாயில் இட்டு 65 பாகையில் 45 நிமிடம், இடையிடையே மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தியபடி வைக்க வேண்டும். பின்னர் குளோரோபோம் 24 பங்குக்கு ஐசோஅமைல் அற்ககோல் 1 பங்கு சேர்ந்த கலவையை அதே கனவளவு ஊற்றி, பத்து நிமிடம் கவிழ்த்துக் கலந்து, மையநீக்கியில் நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளில் பத்து நிமிடம் சுழற்ற வேண்டும். குளோரோபோம் ஆவியை மூச்சிழுக்காதவாறு ஆவியை வெளியே இழுக்கும் அடைப்புக்குள் (பியூம் ஹூட்), அது இல்லாவிடில் நன்கு காற்றோடும் இடத்தில் இதனைச் செய்ய வேண்டும். மேற்படையில் டி.என்.ஏ, நடுவே வெண்புரதத் தட்டு, கீழே பச்சையம் கரைந்த குளோரோபோம் என மூன்றாகப் பிரிந்திருக்கும். மேற்படையில் 500 மைக்கிரோலீற்றரை மட்டும் எடுங்கள். கடைசித் துளிவரை எடுக்க ஆசைப்படும் கை, நடுத்தட்டிலுள்ள புரதத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

அதனுடன் 350 மைக்கிரோலீற்றர் ஐசோபுரொப்பனோலைச் சேர்த்து மெதுவாகச் சாய்த்தால், நூல் போன்ற வெண்ணிழை மிதப்பதைக் காணலாம். பாடநூலில் படமாக மட்டும் பார்த்த ஒன்றைக் கண்ணால் காணும் அந்தத் தருணத்தில் மாணவர்களின் முகம் மலர்வதைப் பல முறை பார்த்திருக்கின்றேன். அதற்காகவே இந்தப் படியில் அவசரப்படுவதில்லை. சுழற்றி அடியிற் படிந்ததை 70 சதவீத எதனோலால் இருமுறை கழுவி, எதனோலை முழுமையாக வடித்து, குழாயைத் திறந்தபடி பத்துப் பதினைந்து நிமிடம் உலரவிட்டு, ரிஸும் சிறிதளவு ஈ.டி.ரி.ஏயும் கொண்ட ரி.ஈ கரைசலில் 50 மைக்கிரோலீற்றரில் கரைக்க வேண்டும். ஆர்.என்.ஏயை நீக்க, ஆர்.என்.ஏஸ் சிறிது சேர்த்து 37 பாகையில் அரை மணித்தியாலம் வைக்கலாம்.

உலரவிடும் நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்பதை என் சொந்த இழப்பிலிருந்து சொல்கின்றேன். மின்சாரம் தடைப்படும் நேரம் நெருங்குகிறது என்ற பதற்றத்தில் ஒருமுறை எதனோல் மணம் போகும் முன்னரே டி.என்.ஏயைக் கரைத்தேன். டி.என்.ஏ துண்டுகளை மின்னோட்டத்தால் நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லின் குழிகளில் மாதிரியை இட்டபோது அது அடியில் தங்காமல் மேலெழுந்து மிதந்து வெளியேறியது. வெட்டும் நொதியமும் வேலை செய்யவில்லை. காரணம் நொதியத்தின் பழுது என்று எண்ணி இரண்டு கிழமைகளை வீணாக்கினேன். மாதிரி குழியிலிருந்து மிதந்தெழுந்தால் எதனோல் மீதமிருக்கிறது என்று கொண்டு, மீண்டும் உலர்த்துங்கள்.

வெட்டுதல்

வெட்டுவதற்கு முன் டி.என்.ஏயின் தரத்தைப் பார்க்க வேண்டும். ஒளி உறிஞ்சலை 260, 280 நானோமீற்றர்களில் அளந்து முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.8 அளவில் வர வேண்டும். கணிசமாகக் குறைந்தால் புரதம் மீதமிருக்கிறது. 260 ஐ 230 ஆல் வகுத்து வரும் எண் 2 ஐ அண்டியிருக்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் பல்சக்கரைட்டு அல்லது பீனோல் கலந்துள்ளது. கருவி இல்லாதவர்கள் 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் சிறிதளவை ஓடவிட்டுப் பார்க்கலாம். குழியின் அருகே கனத்த ஒற்றைக் கோடு தெரிந்தால் டி.என்.ஏ முழுமையாக உள்ளது. கீழ்வரை மெழுகியது போலத் தெரிந்தால் நியூக்கிளியேசு நம்மை முந்திவிட்டது. அந்த மாதிரியை வெட்டிப் பயனில்லை.

20 மைக்கிரோலீற்றர் கலவைக்கு, நொதியமும் தரமும் அறியப்பட்ட நிலையில் நான் கொள்ளும் அளவு இது: மைக்கிரோலீற்றருக்கு 100 நானோகிராம் டி.என்.ஏ கொண்ட கரைசல் 10, பத்து மடங்குச் செறிவுள்ள தாங்கற்கரைசல் 2, அயனகற்றிய நீர் 7, நொதியம் 1. நீரை முதலிலும் நொதியத்தைக் கடைசியிலும் சேர்க்க வேண்டும். நமது பகுதிக் கிணற்று நீர் வன்னீர், கல்சியம் முதலிய அயன்கள் செறிந்தது. கொதிக்க வைத்தாலும் அது இதற்கு உதவாது. தாங்கற்கரைசலில் உள்ள மக்னீசியந்தான் முன்னே நாம் பறித்ததைத் திரும்பக் கொடுக்கிறது. ரி.ஈ கரைசலிலுள்ள 1 மில்லிமோலர் ஈ.டி.ரி.ஏயால் தீங்கில்லை, ஏனெனில் தாங்கற்கரைசல் பொதுவாக 10 மில்லிமோலர் மக்னீசியத்தைத் தருகிறது. ஆனால் கழுவல் குறைந்து பிரித்தெடுத்த கரைசலின் ஈ.டி.ரி.ஏ மீந்திருந்தால் நொதியத்துக்கு அயன் எஞ்சாது.

நொதியம் 50 சதவீத கிளிசரோலில் வருவதால் –20 பாகையிலும் உறையாது. கலவையில் கிளிசரோல் 5 சதவீதத்தைத் தாண்டினால் சில நொதியங்கள் தம் வரிசையை விட்டு அதனை ஒத்த வேறு இடங்களிலும் வெட்டத் தொடங்கும். ஆகவே நொதியத்தின் கனவளவு மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. ‘சற்றுக் கூட விட்டால் நன்றாக வெட்டும்’ என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. நொதியக் குழாயை ஐஸை விட்டு வெளியே எடுக்காமல் பிப்பெற்றின் முனையை மட்டும் மேற்பரப்பில் தொட்டு எடுங்கள். தானாகவே உறைபனி உருக்கும் குளிர்சாதனப் பெட்டியில் நொதியத்தை வைக்க வேண்டாம், அங்கே வெப்பநிலை ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் நொதியத்தைக் கொண்டு வருவோர், உறையவைத்த ஜெல் பொதிகளைக் கனத்த ரெஜிபோம் பெட்டியில் நெருக்கி அடுக்கி, விடிந்தவுடன் –20 பாகைக்கு மாற்ற வேண்டும்.

விற்பனைக் குழாயில் எழுதியுள்ள ஓர் அலகு என்பது, 1 மைக்கிரோகிராம் லம்டா வைரசு டி.என்.ஏயை ஒரு மணித்தியாலத்தில் முழுமையாக வெட்டும் அளவாகும். தாவர டி.என்.ஏ அத்துணை தூயதன்று. எனவே ஒரு மைக்கிரோகிராமுக்கு 10 அலகு இட்டு 37 பாகையில் நான்கு மணித்தியாலம், இயலுமாயின் இரவு முழுவதும் விடுவதே பாதுகாப்பு. எல்லா நொதியமும் 37 பாகையை விரும்புவதில்லை. டக்-1 நொதியத்துக்கு 65 பாகையும், எஸ்.எம்.ஏ-1 நொதியத்துக்கு 25 பாகையும் வேண்டும். 25 பாகையைக் குளிர்நாட்டுக் கையேடுகள் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆவணி மாதத்துக் கிளிநொச்சியில் அதற்கு ஐஸிட்ட நீர்த்தொட்டியும் வெப்பமானியும் தேவை.

ஒரு குழாயோடு இதனைச் செய்ய வேண்டாம். நான்கு குழாய்கள் வையுங்கள். முதலாவதில் நெல் டி.என்.ஏயும் நொதியமும், இரண்டாவதில் நொதியமின்றி நெல் டி.என்.ஏயும் தாங்கற்கரைசலும் மட்டும், மூன்றாவதில் லம்டா டி.என்.ஏயும் நொதியமும், நான்காவதில் நெல், லம்டா இரண்டும் நொதியத்தோடு. லம்டா டி.என்.ஏ 48,502 காரச்சோடிகள் நீளமுடையது. அதனை ஈகோ-ஆர்-1 ஐந்து இடங்களில் வெட்டி 21,226, 7,421, 5,804, 5,643, 4,878, 3,530 என ஆறு துண்டுகளாக்கும். மூன்றாவது குழாயில் இத்துண்டுகள் தெளிவாக வந்து நான்காவதில் வராவிட்டால், நொதியம் நலமாக இருக்கிறது, நமது நெல் மாதிரியில்தான் அதைத் தடுக்கும் ஏதோ இருக்கிறது என்பது விளங்கும். இரண்டாவது குழாயே மெழுகியதாகத் தெரிந்தால் மாதிரியில் நியூக்கிளியேசு இன்னும் உயிரோடு இருந்து, மக்னீசியம் கிடைத்தவுடன் மீண்டும் எழுந்திருக்கிறது. பல மாதக் குழப்பத்தை இந்த மூன்று கூடுதல் குழாய்களும் தவிர்க்கும்.

ஜெல்லை வாசித்தல்

டி.என்.ஏ எதிர்மின்னேற்றம் உடையதாகையால் நேர்மின்முனை நோக்கி நகரும். குழிகள் எதிர்மின்முனைப் பக்கம் இருக்க வேண்டும். மின்வாய்களுக்கு இடையே ஒரு சென்ரிமீற்றருக்கு 5 வோல்ற்று அளவில் ஓடவிட்டால் போதும். எதிடியம் புரோமைட்டால் சாயமூட்டுபவர் கையுறை அணிய வேண்டும், அது டி.என்.ஏயில் விகாரத்தை உண்டாக்கக்கூடியது. அந்தக் கழிவையும் குளோரோபோம் கழிவையும் தனித்தனிப் போத்தல்களில் சேர்த்து முறைப்படி ஒப்படைக்க வேண்டும். நம் ஊர்களில் மக்கள் குடிப்பது கிணற்று நீர். கழிவுத்தொட்டியில் ஊற்றியது எங்கே போய்ச் சேரும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முழு நெல் டி.என்.ஏயை வெட்டியவர் தனித்தனிக் கோடுகளை எதிர்பார்த்து ஏமாறுவர். ஆறு காரங்களைக் கொண்ட ஒரு வரிசை சராசரியாக 4,096 காரங்களுக்கு ஒருமுறை வரும். நெல்லின் பரம்பரைத் தொகுதியோ ஏறத்தாழ 39 கோடி காரச்சோடிகள் கொண்டது. ஆகவே ஏறத்தாழ 95,000 துண்டுகள் எல்லா அளவிலும் உண்டாகி, மேலிருந்து கீழ்வரை ஒரே மெழுகலாகத் தெரியும். அதனிடையே சில மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் பச்சையவுருமணியின் டி.என்.ஏயிலிருந்தோ திரும்பத் திரும்ப வரும் வரிசைகளிலிருந்தோ வந்தவை. நெல்லின் பச்சையவுருமணி டி.என்.ஏ 134,525 காரச்சோடிகளே உடையது, ஆனால் ஒரு கலத்தில் அதன் பிரதிகள் மிகப் பல.

தாவரமே இட்ட அடையாளங்கள்

மாதிரி தூயது, நொதியம் நல்லது, லம்டா முழுமையாக வெட்டுப்பட்டது, ஆயினும் நெல் டி.என்.ஏ மட்டும் சில நொதியங்களுக்கு அசையவில்லை என்றால், தாவரக் கலத்தின் மீதைலேற்றும் நொதியங்களை நினைக்க வேண்டும். இவை சைற்றோசினின் ஐந்தாம் காபனில் மீதைல் கூட்டத்தை ஒட்டுகின்றன. விலங்குகளில் இது பெரும்பாலும் சை-யை அடுத்துக் கு வரும் இடங்களில் நிகழும். தாவரங்களிலோ சை-க்கும் கு-வுக்கும் இடையே வேறொரு காரம் நிற்கும் இடங்களிலும், கு வராத இடங்களிலுங்கூட நிகழும். இதற்கென எம்.ஈ.ரி-1, சி.எம்.ரி-3, டி.ஆர்.எம்-2 முதலிய வேறு வேறு நொதியங்கள் உள்ளன. ஆர்.ஓ.எஸ்-1 போன்றவை மீதைலேறிய காரத்தையே அகற்றி, புதியது நிரப்பப்பட வழிசெய்கின்றன. தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் வரிசைகளை அடக்கி வைப்பது இந்த மீதைலேற்றத்தின் முக்கிய பணிகளில் ஒன்று.

இதனைக் கண்ணால் காண ஓர் அழகிய வழி உண்டு. எச்.பி.ஏ-2, எம்.எஸ்.பி-1 ஆகிய இரு நொதியங்களும் சை-சை-கு-கு என்ற ஒரே வரிசையையே வெட்டும். உள்ளேயுள்ள சை மீதைலேறியிருந்தால் எச்.பி.ஏ-2 வெட்டாது, எம்.எஸ்.பி-1 வெட்டும். வெளியேயுள்ள சை மீதைலேறியிருந்தால் எம்.எஸ்.பி-1 நொதியமும் நின்றுவிடும். ஒரே டி.என்.ஏயை இரண்டு குழாய்களில் பிரித்து இரண்டாலும் வெட்டி அருகருகே ஓடவிட்டால், எச்.பி.ஏ-2 குழாயின் டி.என்.ஏ குழிக்கு அருகிலேயே கனத்துத் தங்கியிருக்க, மற்றது கீழே இறங்கியிருக்கும். வெட்டாமல் நின்ற அந்தக் கனம், நெற்கலம் தன் டி.என்.ஏயில் எழுதி வைத்த அடையாளத்தின் அளவு. என் கணிப்பில், ஒரு புதிய மாணவர் செய்யத்தக்க பரிசோதனைகளில் இதனைவிடச் செலவு குறைந்து இவ்வளவு கற்றுத்தருவது வேறில்லை.

டி.என்.ஏயின் ஒரு பகுதியைக் குழாயிலேயே பல மடங்காகப் பிரதியெடுக்கும் பி.சி.ஆர் முறையில் பெருக்கிய துண்டில் இந்த அடையாளங்கள் இரா, ஏனெனில் புதிய இழையில் மீதைல் கூட்டத்தை ஒட்ட அங்கே எந்த நொதியமும் இல்லை. வகை அறிதலுக்கு இது வசதி. நெல்லின் மெழுகுப் பரம்பரையலகு (வாக்ஸி) சோற்றில் அமைலோசு என்னும் மாப்பொருளின் அளவை நிர்ணயிப்பது; அதன் முதலாம் இடையீட்டின் (புரதமாக வாசிக்கப்படாத இன்ட்ரோன் பகுதியின்) தொடக்கத்தில் கு இருந்தால் அமைலோசு கூடிச் சோறு உதிரியாகவும், அங்கே தை இருந்தால் அமைலோசு குறைந்து குழைவாகவும் இருக்கும். அந்த ஒற்றைக் கார வேறுபாடு ஏ.சி.சி-1 நொதியத்தின் வரிசைக்குள் விழுவதால், துண்டைப் பெருக்கி அந்நொதியத்தை இட்டால் முதல் வகை வெட்டுப்படும், இரண்டாவது வெட்டுப்படாது. அற் 362 விதைநெல்லையும் வீட்டில் பேணிவரும் மொட்டைக்கறுப்பனையும் கொண்டு இதனைச் செய்து, பின்னர் இரண்டையும் சமைத்தும் பார்க்கலாம்.

பரம்பரையலகை மாற்றுவதற்காகக் கலத்தின் உள்ளேயே வெட்டப் பயன்படும் காஸ்-9 நொதியம் 20 காரங்கள் கொண்ட ஆர்.என்.ஏ வழிகாட்டியின் துணையோடு இடத்தைத் தேடி, எதாவது ஒரு காரத்தைத் தொடர்ந்து கு-கு வரும் இடத்துக்கு மூன்று காரங்கள் முன்பாக வெட்டும். தாவரக் கலம் வெட்டை ஒட்டும்போது சில காரங்கள் விடுபடவோ சேரவோ கூடும். இதற்கு அனுமதியும் மூடிய வளர்ப்பிடமும் வேண்டும். தொடங்குபவரின் வேலை இதுவன்று. எனினும் அதன் விளைவைச் சோதிக்கும் ஒரு முறை மேலே கற்றதேயாகும். வெட்டு விழும் இடத்தில் முன்னரே ஒரு ரெஸ்ட்ரிக்ஷன் வரிசை இருக்குமாறு தெரிவுசெய்திருந்தால், மாற்றம் நடந்த செடியின் பி.சி.ஆர் துண்டை அந்நொதியம் வெட்டாது. அப்படி வெட்டுப்படாத கோட்டைக் கண்டவுடன் மாற்றம் நிகழ்ந்ததென எழுதிவிட வேண்டாம். மாற்றப்படாத செடியின் துண்டு, அதே நாளில், அதே நொதியக் குழாயால், அருகிலுள்ள குழியில் முழுமையாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.